ஒரே உரிமம், மூன்று கணினிகள்: ஆன்டிவைரஸ் சந்தா முடிந்தபின் நடந்தது என்ன?

இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் ஒரு சின்ன கணக்கு எழுதும் அலுவலகம். மூன்று கணினிகள். மூன்றிலும் ஒரே ஆன்டிவைரஸ், ஒரே உரிமம், அதனால் ஒரே நாளில் மூன்றிலும் சந்தா முடிந்தது. அடுத்த சில வாரங்களில் ஒரு கணினி வழியாக அலுவலகத்தின் மின்னஞ்சல் கணக்கு திருடுபோனது, இன்னொன்றில் எதுவுமே ஆகவில்லை, மூன்றாவது எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் வெறுமனே தப்பித்துக்கொண்டிருந்தது. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், எதுவும் ஆகாத கணினியில் ஆன்டிவைரஸே கிடையாது. பாப்-அப் தொல்லை தாங்காமல் அதை நீக்கிவிட்டிருந்தார்கள். காசு கொடுத்து வாங்கியதாயிற்றே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று வைத்திருந்தவர்தான் மாட்டினார்.

பிறகு கணினிகளைப் பிரித்துப் பார்த்தது நான். ஆட்களின் அடையாளமும் ஆன்டிவைரஸின் பெயரும் இங்கே வேண்டாம். அந்த மென்பொருள் செய்ததைப் போலவே செய்யும் மென்பொருள்கள் இன்னும் பல இருக்கின்றன, ஒன்றை மட்டும் கூண்டில் ஏற்றுவதில் அர்த்தமில்லை.

முதலில் கணினிகளைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, பங்குதாரர்களில் மூத்தவர் வைத்திருக்கும் விண்டோஸ் 11 லேப்டாப். இரண்டாவது, இளையவர் நாள் முழுக்க உட்காரும் மேசைக் கணினி, அதுவும் விண்டோஸ் 11தான். மூன்றாவது ஒரு பழைய விண்டோஸ் 7 பெட்டி. பழைய ஸ்கேனர் ஒன்றுக்குப் புதிய விண்டோஸில் டிரைவர் கிடைக்காததால் அதற்காகவே உயிரோடு வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு அப்டேட் தருவதை 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது என்பது அவர்களுக்கும் தெரியும். "ஸ்கேனருக்குத்தானே" என்பது அவர்களுடைய பதில். அது அலுவலக நெட்வொர்க்கில்தான் இருந்தது, இன்டர்நெட்டும் வந்துகொண்டிருந்தது.

சந்தா ஏன் முடிந்தது? தானாகப் புதுப்பிக்கும் வசதி போட்டுத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் கணக்கில் பதிந்திருந்த கார்டு காலாவதியாகி, வங்கி புது எண்ணோடு வேறு கார்டு கொடுத்திருந்தது. பணம் எடுக்க முடியவில்லை என்று ஆன்டிவைரஸ் நிறுவனம் மெயில் அனுப்பியிருக்கிறது, ஒன்றல்ல, பல. எல்லாம் வேலையை விட்டுப் போன ஓர் ஊழியரின் முகவரிக்குப் போயிருக்கின்றன, ஏனென்றால் முதன்முதலில் உரிமம் வாங்கிப் பதிவு செய்தவர் அவர். இதில் யாரையும் பெரிதாகக் குறை சொல்ல முடியாது, சின்ன அலுவலகங்களில் பாதி உரிமங்கள் இப்படித்தான் யாரோ ஒருவரின் பெயரில் தொங்கிக்கொண்டிருக்கும்.

சந்தா முடிந்தால் உள்ளே நடப்பது

"முடிந்த நொடியே கணினி திறந்த வீடு" என்று ஆன்டிவைரஸ் விளம்பரங்கள் பயமுறுத்தும். "ஒன்றும் ஆகாது, சும்மா காசு பிடுங்க" என்று நண்பர்கள் சொல்வார்கள். இரண்டுமே சரியில்லை, ஏனென்றால் சந்தா முடிந்ததும் எல்லா மென்பொருளும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. சில மொத்தமாகக் கடையை மூடிவிடும், நிகழ்நேரக் கண்காணிப்பு அணைந்துபோகும், ஃபயர்வால் விலகும். சில கண்காணிப்பை மட்டும் ஓடவிட்டு, வைரஸ் அடையாளப் பட்டியலுக்கு அப்டேட் தருவதை நிறுத்தும். கூடவே வந்த விபிஎன் (இணையப் போக்குவரத்தை மறைத்து அனுப்பும் வசதி) நிற்கும், பாஸ்வேர்டு பெட்டகம் இருந்தால் அதில் பார்க்க மட்டும் முடியும் புதிதாகச் சேர்க்க முடியாது என்ற நிலைக்குப் போகலாம், கிளவுட் பேக்கப் இருந்தால் கொஞ்ச நாள் வைத்திருந்து அழித்துவிடலாம்.

இந்த அலுவலகத்தில் இருந்தது இரண்டாவது வகை. அதாவது ஓடுவது போலத் தெரியும், ஓடவும் செய்யும், ஆனால் புது விஷயம் எதுவும் தெரியாது. ஏவி-டெஸ்ட் என்ற ஜெர்மன் ஆய்வு நிறுவனம் ஒவ்வொரு நாளும் 4,50,000க்கும் மேற்பட்ட புதிய தீங்கு மென்பொருள்களையும் வேண்டாத நிரல்களையும் பதிவு செய்வதாகச் சொல்கிறது. அவற்றில் பெரும்பாலானவை பழைய சரக்கையே கொஞ்சம் மாற்றிக் கட்டியவைதான், அதனால் பழைய பட்டியல் அடுத்த நாளே குப்பையாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். ஆனால் இன்றைய ஆன்டிவைரஸின் பெரிய பலம் கணினியில் இருக்கும் பட்டியல் அல்ல. சந்தேகமான கோப்பு வந்ததும் அதைப் பற்றி நிறுவனத்தின் கிளவுட் சர்வரிடம் கேட்டுப் பதில் வாங்கும் வழிதான். உரிமம் போனதும் பொதுவாக அந்த வழியும் அடைபடும். பட்டியல் பழையதாவதைவிட இதுதான் எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது. பத்து நிமிடத்துக்கு முன்னால் கட்டிய கோப்பு எந்தப் பட்டியலிலும் இருக்காது.

விண்டோஸ் ஏன் சும்மா இருந்தது?

விண்டோஸிலேயே மைக்ரோசாஃப்டின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் இருக்கிறதே, அது எங்கே போனது என்று கேட்பீர்கள். இந்த வழக்கின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் வேறு நிறுவனத்தின் ஆன்டிவைரஸ் போட்டால் அது விண்டோஸின் செக்யூரிட்டி சென்டரில் தன்னைப் பதிவு செய்துகொள்ளும், உடனே டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும். இரண்டும் ஒரே கோப்பை ஒரே நேரத்தில் பிடித்து இழுக்கக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. அந்த ஆன்டிவைரஸ் நீக்கப்பட்டாலோ, தன் காவல் நின்றுவிட்டது என்று தானே அறிவித்தாலோ டிஃபெண்டர் திரும்ப எழும். ஆனால் "நான் ஓடிக்கொண்டுதான் இருக்கிறேன், பட்டியல் மட்டும் பழசு" என்று அது சொன்னால்? ஓடுகிறது என்றே கணக்கு. விண்டோஸ் செக்யூரிட்டி பக்கத்தில் ஒரு மஞ்சள் முக்கோணம் வரும், அவ்வளவுதான்.

இதற்குப் பின்னால் ஒரு சண்டையும் உண்டு. சந்தா முடியும் நேரத்தில் விண்டோஸ் டிஃபெண்டரை நுழைத்துத் தங்கள் வாடிக்கையாளர்களைப் பறிக்கிறது என்று காஸ்பர்ஸ்கி என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் முதலில் 2016இல் ரஷ்யாவின் போட்டி ஒழுங்குமுறை அமைப்பிடமும், பிறகு 2017 ஜூனில் ஐரோப்பிய ஆணையத்திடமும் புகார் செய்தது. 2017 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் இறங்கி வந்தது. சந்தா முடிவதற்கு முன்னும் பின்னும் ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் தங்கள் சொந்த அறிவிப்புகளையே காட்டிப் புதுப்பிக்கச் சொல்லலாம், பயனர் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வரை விண்டோஸின் அறிவிப்பு திரையில் நிற்கும் என்று ஒப்புக்கொண்டது. காஸ்பர்ஸ்கியும் புகாரைத் திரும்பப் பெற்றது. வியாபார நியாயமாகப் பார்த்தால் சரியான முடிவு என்றுதான் சொல்வேன், யாருடைய வாடிக்கையாளரையும் யாரும் அமுக்கிப் பிடிக்கக் கூடாது. ஆனால் முடிவெடுக்காமலே நாளைக் கடத்தும் பயனருக்கு இதனால் ஒரு இடைவெளி திறந்துவிட்டது, அந்த இடைவெளியில் பாதுகாப்பு பற்றி அவரிடம் பேசிக்கொண்டிருப்பது முழுக்க முழுக்க பாப்-அப்கள்தான்.

மூத்தவரின் லேப்டாப்பில் நடந்தது எளிமை. "இது வேலை செய்ய விடமாட்டேங்குது" என்று முதல் வாரத்திலேயே ஆன்டிவைரஸை நீக்கிவிட்டார். ரீஸ்டார்ட் ஆனதும் டிஃபெண்டர் எழுந்தது, அப்டேட் வாங்கியது, வேலையைத் தொடங்கியது. அவருக்கு அது எழுந்ததே தெரியாது. கணினியில் பாதுகாப்பு எதுவும் இல்லை என்றுதான் நான் சொல்லும்வரை நம்பிக்கொண்டிருந்தார். கணினியில் நடந்தவற்றைக் காட்டும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில், அப்ளிகேஷன் பதிவுகளில், செக்யூரிட்டி சென்டர் என்ற மூலத்திலிருந்து வரும் 15ஆம் எண் பதிவைத் தேடினால் எந்தப் பாதுகாப்பு மென்பொருள் எப்போது எந்த நிலைக்கு மாறியது என்று தேதியும் நேரமுமாக இருக்கும். லேப்டாப்பில் டிஃபெண்டர் இயங்கும் நிலைக்கு வந்த பதிவு, ஆன்டிவைரஸை நீக்கிய அதே நாளில் இருந்தது. மேசைக் கணினியில் அப்படி ஒரு பதிவே இல்லை. சந்தா முடிந்த நாளிலிருந்து கணக்குத் திருட்டு தெரியவந்த நாள் வரை அங்கே டிஃபெண்டர் கண் திறக்கவே இல்லை.

மேசைக் கணினியில் நடந்தது

இளையவருக்குத் தினமும் காலையில் ஒரு சிவப்புப் பெட்டி வரும். "உங்கள் பாதுகாப்பு முடிந்துவிட்டது, இப்போதே புதுப்பியுங்கள்." அவர் "பிறகு நினைவூட்டு" என்பதை அழுத்துவார். பங்குதாரர் பார்த்துக்கொள்வார் என்று இவர், இவர் பார்த்துக்கொள்வார் என்று பங்குதாரர். நாள் போனது. ஒருநாள் திரையின் கீழ் மூலையில் அதே நிறத்தில், அதே லோகோவோடு இன்னொரு பெட்டி. "சந்தா முடிந்தது. 5 வைரஸ்கள் கண்டுபிடிக்கப்பட்டன. இன்றே புதுப்பித்தால் பாதி விலை." இந்த முறை அழுத்திவிட்டார்.

அது ஆன்டிவைரஸ் அனுப்பியது அல்ல, பிரவுசர் நோட்டிஃபிகேஷன். பிரவுசரின் தள அனுமதிகளைத் திறந்து பார்த்தேன், பொருளே விளங்காத பெயரில் ஒரு தளத்துக்கு அறிவிப்பு அனுப்ப அனுமதி கொடுக்கப்பட்டிருந்தது. எப்போதோ ஏதோ ஒரு கோப்பைத் தேடிப் போன இடத்தில் "நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அனுமதியை அழுத்தவும்" என்று கேட்டிருக்கும், அழுத்தியிருப்பார். இந்தத் தளங்களுக்கு உங்கள் சந்தா முடிந்தது தெரியாது, நீங்கள் எந்த ஆன்டிவைரஸ் வைத்திருக்கிறீர்கள் என்பதும் பெரும்பாலும் தெரியாது. பிரபலமான பெயர்களை மாற்றி மாற்றிப் போட்டு எல்லோருக்கும் ஒரே செய்தியை வீசிக்கொண்டே இருப்பார்கள். அதே தளத்திலிருந்து முன்பும் இப்படி வந்திருக்கிறது, "நமக்குத்தான் சந்தா இருக்கிறதே" என்று இவர் மூடிவிட்டிருக்கிறார். இந்த முறை அந்தப் பொய் உண்மையோடு பொருந்திப்போனது. சந்தா நிஜமாகவே முடிந்திருந்தது, நிஜமான பெட்டியும் தினமும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. என்னைக் கேட்டால் சந்தா முடிந்ததால் வந்த மிகப் பெரிய ஆபத்து இதுதான், பழைய வைரஸ் பட்டியல் இரண்டாவதுதான்.

அழுத்திய பிறகு வந்த பக்கத்தில் பணம் கேட்கவில்லை. அதனாலேயே சந்தேகம் வரவில்லை என்றார். "புதுப்பிப்புக் கருவியை" இறக்கி இயக்கச் சொன்னது, இறக்கினார், இயக்கினார். ஒரு கறுப்புப் பெட்டி மின்னி மறைந்தது, அப்புறம் ஒன்றுமில்லை. உள்ளே வந்தது தகவல் திருடும் வகை நிரல். கோப்புகளைப் பூட்டி மிரட்டும் ரான்சம்வேர் போல இது சத்தம் போடாது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் லாகின் குக்கிகளையும் அள்ளி அனுப்பிவிட்டு, பல நேரம் தன்னைத்தானே அழித்துக்கொண்டு போய்விடும். அந்தக் குக்கி கையில் இருந்தால் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம், ஏற்கெனவே உள்ளே நுழைந்த ஆளாகவே மின்னஞ்சலுக்குள் போய் உட்காரலாம். இருபடிச் சரிபார்ப்பு போட்டிருந்தோமே எப்படி என்று இரண்டு பேரும் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். லாகின் முடிந்த பிறகு கிடைக்கும் அடையாளச் சீட்டைத்தான் திருடியிருக்கிறார்கள், சரிபார்ப்பு அதற்கு முன்பே முடிந்துபோன விஷயம்.

திருடர்கள் உடனே எதையும் செய்யவில்லை. மெயில் பெட்டியைப் படித்திருக்கிறார்கள். யாருக்கு இன்வாய்ஸ் போகிறது, எவ்வளவு, எந்த நடையில் எழுதுகிறார் என்று பார்த்துவிட்டு, ஒரு விதியை அமைத்திருக்கிறார்கள். குறிப்பிட்ட சில வாடிக்கையாளர்களிடமிருந்து வரும் மெயில்கள் இன்பாக்ஸுக்கு வராமல், யாரும் திறந்தே பார்க்காத ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ் என்ற அடைவுக்குப் போகும்படி. அந்த அடைவு இப்படிப்பட்ட மோசடிகளில் அடிக்கடி வரும் இடம். பிறகு "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்கு அனுப்பவும்" என்று, பழைய உரையாடலுக்குள்ளேயே பதிலாக, பழைய இன்வாய்ஸையே திருத்தி இணைத்து அனுப்பினார்கள்.

மாட்டியது தொழில்நுட்பத்தால் அல்ல. ஒரு வாடிக்கையாளர் போன் போட்டு, "ஏன் சார், பேங்க் மாத்திட்டீங்களா? சொல்லவே இல்லையே" என்று கேட்டார். அந்தக் கேள்வி வராமல் இருந்தால் எத்தனை பேர் பணம் அனுப்பியிருப்பார்கள் என்று தெரியாது. அன்றே மற்ற எல்லோருக்கும் போன் செய்தார்கள், மெயில் அல்ல, போன். யாரும் இன்னும் பணம் அனுப்பியிருக்கவில்லை.

சந்தா இருந்திருந்தால் தடுத்திருக்குமா?

இரண்டு பங்குதாரர்களுக்கும் நடுவில் இதுதான் வாக்குவாதம். இறக்கிய கோப்பு டவுன்லோட்ஸ் அடைவிலேயே கிடந்தது. தனி நெட்வொர்க்கில் வேறொரு கணினியில் அன்றைய அப்டேட்டோடு இருந்த டிஃபெண்டரிடம் கொடுத்தால் உடனே பிடித்தது. மேசைக் கணினியின் காலாவதியான ஆன்டிவைரஸ், அதே கோப்பைத் தனியாக ஸ்கேன் செய்யச் சொன்னபோது "சுத்தம்" என்றது. அப்படியானால் சந்தா கட்டியிருந்தால் தப்பியிருப்போம் என்றார் மூத்தவர்.

நான் அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். நாள் கழித்து ஸ்கேன் செய்து பிடிப்பதும், அந்தக் கோப்பு புதிதாக இருந்த நேரத்தில் பிடிப்பதும் ஒன்றல்ல. இந்த வகை நிரல்களை விற்பவர்கள், பரப்புவதற்கு முன்னால் ஆன்டிவைரஸ்களிடம் சிக்குகிறதா என்று சோதித்துச் சோதித்து உறையை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அப்டேட்டோடு இருந்த ஆன்டிவைரஸும் அந்த நொடியில் தவறவிட்டிருக்கலாம். ஆனால் கிளவுட் சோதனை இருந்திருந்தால், யாரும் பார்த்திராத, தயாரித்தவரின் டிஜிட்டல் கையொப்பமில்லாத, அரிதான கோப்பு என்ற காரணத்துக்காகவே தடுக்கப்பட்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. தவறவிட்டிருந்தாலும் சில மணி நேரத்திலோ அடுத்த நாளோ அடையாளம் வந்து சேர்ந்து எச்சரிக்கை அடித்திருக்கும், திருடர்கள் மெயிலைப் படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே விஷயம் தெரிந்திருக்கும். என் கணக்கில் இழந்தது அந்த நேரம்தான். தடுப்பைப் பற்றி வாக்குவாதம் செய்யலாம், இதைப் பற்றிச் செய்ய முடியாது.

பழைய பெட்டிக்கு வருவோம். விண்டோஸ் 7இல் டிஃபெண்டர் என்ற பெயரில் ஒன்று உண்டு, ஆனால் அது உளவு மென்பொருளுக்கு எதிரானது மட்டுமே. டிஃபெண்டர் முழு ஆன்டிவைரஸாக மாறி விண்டோஸோடு வந்தது 2012இல், விண்டோஸ் 8இல்தான். ஆகவே அந்தப் பெட்டியில் சந்தா முடிந்ததும் பின்னால் வந்து நிற்க யாருமே இல்லை. சந்தா முடிந்தால் எல்லாம் போச்சு என்ற பயம் அந்தக் காலத்தில் முழுக்க நியாயமானது, இன்றும் பலர் அந்த அனுபவத்தை வைத்துத்தான் பேசுகிறார்கள். இந்தப் பெட்டியில் எதுவும் நுழைந்த தடயம் கிடைக்கவில்லை. அதில் யாரும் பிரவுசரே திறப்பதில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் இதற்கு ஆன்டிவைரஸ் சந்தா மருந்தே அல்ல. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியபோது அது பயன்படுத்திய ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே அப்டேட் கொடுத்திருந்தது, அடிபட்டதில் பெரும்பகுதி அதைப் போடாத விண்டோஸ் 7 கணினிகள். இனி அப்டேட்டே வராத கணினிக்கு எந்தச் சந்தா கட்டினாலும் அடிப்படைப் பிரச்சினை அப்படியேதான் இருக்கும். நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு, ஸ்கேன் செய்ததை யூஎஸ்பியில் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். முணுமுணுத்தார்கள், செய்தார்கள்.

சுத்தம் செய்தது

முதலில் கையை வைத்தது மேசைக் கணினியில் அல்ல, மின்னஞ்சல் கணக்கில். சுத்தமான லேப்டாப்பிலிருந்து நுழைந்து, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு என்பதைக் கொடுத்து, அதன்பிறகு பாஸ்வேர்டை மாற்றினோம். திருடுபோனது குக்கி என்பதால் பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டுத் திருப்திப்படக் கூடாது, சில சேவைகளில் பழைய உள்நுழைவு அப்படியே உயிரோடு இருக்கும். மெயில் விதி, தானாக முன்னனுப்பும் முகவரி, மீட்பு எண், கணக்கோடு இணைந்த வெளிச் செயலிகள் எல்லாம் பார்த்தோம், அந்த ஒரு விதியைத் தவிர வேறு எதுவும் வைத்துவிட்டுப் போகவில்லை. பிரவுசரில் சேமித்திருந்த மற்ற பாஸ்வேர்டுகளும் போனதாகவே எடுத்துக்கொண்டு வங்கியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக மாற்றினார்கள். அலுப்பான வேலை, ஒரு மாலை முழுக்கப் போனது.

மேசைக் கணினியை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டாயிற்று. ஸ்கேன் செய்து சுத்தம் என்று வந்தாலும் போதும் என்று விடக்கூடிய நிலைமை இல்லை. அழிப்பதற்கு முன் ஒரு விஷயம், ஆன்டிவைரஸோடு வந்த பாஸ்வேர்டு பெட்டகத்தில் சில பதிவுகள் இருந்தன, அவற்றை முதலில் வெளியே எடுத்துக்கொண்டோம். காலாவதியான ஆன்டிவைரஸை நீக்க நினைப்பவர்கள் இதை மறந்துவிட வேண்டாம், நீக்கிய பிறகு தேடினால் கிடைக்காமல் போகலாம். லேப்டாப்பிலும் ஒரு மிச்சம் இருந்தது. மறையாக்கம் செய்த எச்டிடிபிஎஸ் இணைய இணைப்புகளைத் திறந்து பார்ப்பதற்காக அந்த ஆன்டிவைரஸ் நிறுவியிருந்த ரூட் சான்றிதழ் (தன்னை நம்பும்படி கணினிக்குச் சொல்லும் சீட்டு), நீக்கிய பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தது. கன்ட்ரோல் பேனல் வழியாக நீக்குவது பல நேரம் எல்லாவற்றையும் துடைக்காது, அந்தந்த நிறுவனமே தரும் தனி நீக்கும் கருவியை ஓட்டினால்தான் முழுதாகப் போகும். ஓட்டினோம், போனது.

புதுப்பிப்பதா வேண்டாமா என்ற கேள்விக்கு இரண்டு பேரும் ஒரே பதிலுக்கு வரவில்லை. முதல் வருடச் சலுகை விலையைவிடப் புதுப்பிக்கும் விலை நிறையவே அதிகம் என்பது மூத்தவரின் எரிச்சல். இது புதிய புகார் இல்லை. வாடிக்கையாளருக்குச் சரியாகத் தெரிவிக்காமல் தானாகப் புதுப்பித்துப் பணம் எடுத்தது பற்றிய விசாரணையில் 2009இல் ஆன்டிவைரஸ் நிறுவனங்களான சைமன்டெக், மெக்காஃபி இரண்டும் நியூயார்க் மாநிலத்துக்குத் தலா 3,75,000 டாலர் கட்டின. 2021இல் பிரிட்டனின் போட்டி ஆணையத்திடம் மெக்காஃபியும் நார்ட்டனும் தானாகப் புதுப்பிக்கும் முறையைச் சரிசெய்வதாக உறுதி கொடுத்தன. என் கருத்து, அவர்களைப் போன்ற அலுவலகத்துக்கு டிஃபெண்டர் போதும், கட்டணம் கட்டினால் ஆன்டிவைரஸுக்கு என்று கட்டாமல் அதோடு வரும் வேறு வசதிக்கு, எல்லாக் கணினிகளின் நிலையையும் ஒரே திரையில் பார்க்கும் மேலாண்மை மாதிரி ஒன்றுக்குக் கட்டலாம். இளையவர் பயந்துபோயிருந்தார், காசு கட்டிய ஒன்று வேண்டும் என்றார். சரி, கட்டுங்கள், ஆனால் பாதி உயிரோடு ஒன்றை வைத்துக்கொள்ளாதீர்கள் என்றேன். ஒன்று புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் நீக்க வேண்டும்.

கடைசியில் மேசைக் கணினியில் வேறொரு கட்டண ஆன்டிவைரஸ், லேப்டாப்பில் டிஃபெண்டர் என்று முடிந்தது. புது உரிமம் இருவரும் பார்க்கும் பொது முகவரியில் பதிவானது, பிரவுசரில் எந்தத் தளமும் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்கவே கூடாது என்று இரண்டு கணினியிலும் அமைத்தோம். விண்டோஸ் செக்யூரிட்டியில், மேனேஜ் ப்ரொவைடர்ஸ் என்ற பக்கத்தில், இப்போது காவலில் இருப்பது யார் என்று ஒரே பார்வையில் தெரியும், அதை மாதத்துக்கு ஒருமுறை பார்க்கும் வேலை இளையவருடையது. ஐகார் என்ற, தீங்கில்லாத 68 எழுத்துச் சோதனைக் கோப்பையும் இரண்டிலும் இறக்கிப் பார்த்தோம், இரண்டுமே உடனே பிடித்தன. அந்தக் கோப்பு பல வருடங்களாக எல்லாப் பட்டியலிலும் இருப்பது, காலாவதியான பழைய ஆன்டிவைரஸும் அதைப் பிடித்திருக்கும். அதனால் காவல் ஓடுகிறதா என்று பார்க்க மட்டும்தான் அது உதவும், அப்டேட் வருகிறதா என்று பார்க்கக் கடைசி அப்டேட் தேதியைத்தான் தனியாகத் திறந்து பார்க்க வேண்டும்.